வீட்டுக் குறையை எழுதுகிறவனுக்கு யார் துணை?

(திருப்பத்தூர்ப் பொதுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



குடியிருக்கும் வீடுகளின் குறைகளை எழுதும் நிருபர்களுக்குச் சட்டத்தால் வரும் ஆபத்தைப் பற்றிப் பேசும்படி தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் வக்கீலல்ல. ஆனால் சட்டம் வக்கீலுக்கே சொந்தமென்று நாம் விட்டுவிட்டதால்தான், மந்திரத்துக்குப் பயந்தவன் போல ஒரு வக்கீல் நோட்டீசைக் கண்டும் நடுங்குகிறோம். ஆகையால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

சுயேச்சை நிருபர் என்பவர் யார்? எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளமில்லாமல், எழுதியது அச்சானால் மட்டும் கூலி பெறுகிறவர். தோல் ஷாப்பில் தினக்கூலிக்கு நிற்கிறவருக்கும் இவருக்கும் அதிக வித்தியாசமில்லை. வழக்கு வந்தால் பத்திரிகை முதலாளிக்கு வக்கீல் உண்டு. இவருக்கு யார் உண்டு?

இந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு விஷயமா இல்லை? 2021 நவம்பர் 19-ந் தேதி பெருமழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து, 4 குழந்தைகள் உள்பட 9 பேர் மாண்டார்கள். இடிந்த பிறகு எல்லோரும் எழுதினார்கள். சுவர் விழுமுன்னே விரிசலை எழுதுகிறவனல்லவா நமக்கு வேண்டும்?

அப்படி எழுதுகிறவனுக்கு முதல் ஆபத்து அவதூறு வழக்கு. பழைய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்றிருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவாக இருக்கின்றன. 2 வருஷம் வரை வெறுங்காவலோ, அபராதமோ, இரண்டுமோ, அல்லது சமுதாய சேவையோ விதிக்கலாம். இப்படிக் கிரிமினல் குற்றமாக வைத்திருப்பது செல்லுமென்று 2016 மே 13-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. "உண்மையைத்தானே எழுதினேன்" என்றால் போதாதா? போதாது. உண்மையென்றும் காட்டவேண்டும், அதை வெளியிட்டது பொது நன்மைக்கென்றும் காட்டவேண்டும். இது போதாதென்று, நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம்.

கடைசியில் விடுதலையே கிடைக்கட்டும். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப்போய்க் கோர்ட்டு வாசலில் நின்று இழந்த கூலியை யார் திருப்பித் தருவார்கள்? பணக்காரன் வழக்குப் போடுவது ஜெயிப்பதற்காக மட்டுமென்று எண்ணாதீர்கள். அடுத்த கட்டுரை வராமலிருந்தால் அதுவே அவனுக்கு ஜெயம்.

இரண்டாவது, அத்துமீறி நுழைந்தான் என்பது. இது 329-வது பிரிவு. கம்பெனிக்காரர் கட்டிய லைன் வீடாயிருந்தாலும், அதில் குடியிருக்கிறவர் தம் வீட்டுக்குள் ஒருவரைக் கூப்பிடலாம். ஆனால் கம்பெனி கேட்டுக்குள் புகுந்துதான் அந்த வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் அங்கேதான் வம்பு. ஆகவே யார் கூப்பிட்டார், எப்போது கூப்பிட்டார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்றாவது, குடிசைகளை இடிக்க வரும்போது சர்க்கார் உத்தியோகஸ்தரைத் தடுத்தான் என்பது. இது 221-வது பிரிவு. 3 மாதம் வரை காவல். ஓரமாக நின்று படம் பிடிப்பது தடுப்பதாகாது. ஆனால் கோபத்தில் புல்டோசருக்கு முன்னால் போய் நின்றால் வழக்கு போட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

அப்படியானால் எழுதாமலே இருப்பதா? எழுதத்தான் வேண்டும், எழுதும் வகை தெரிந்து எழுதவேண்டும். 2021-ல் சென்னை புளியந்தோப்பில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்கு வீடுகளில், கை பட்டாலே பூச்சு உதிர்வதை ஜனங்கள் காட்டினார்கள். பத்திரிகைகள் வெளியிட்டன. சர்க்கார் ஐ.ஐ.டி.யாரைக் கொண்டு பரிசோதிக்கச் செய்தது. "பூச்சு உதிர்கிறது" என்று எழுதினால் அந்தச் சுவரே சாட்சி. "இன்னார் சிமெண்டைத் திருடினார்" என்று எழுதினாலோ கணக்குப் புத்தகம் கையில் வேண்டும். எதிர்த்தரப்பாரிடம் பதில் கேட்டு, அதையும் சேர்த்துப் போடவேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. மனுச் செய்தால் 30 நாளில் பதில் தரவேண்டும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அவர்களுக்கு அதிகாரமில்லை. 1994-ல் நக்கீரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனங்களும் தங்களுக்கு அவதூறென்று நஷ்டஈட்டு வழக்கே போடமுடியாது என்று சொல்லியிருக்கிறது. உத்தியோகஸ்தர் தம் உத்தியோகக் காரியத்துக்காக நஷ்டஈடு கேட்டால், நிருபர் உண்மை பொய்யைப் பற்றிக் கவலையில்லாமல் பொய்யை எழுதினாரென்று காட்டவேண்டும். இவை நம் கையிலுள்ள ஆயுதங்கள்.

1981-ல் பம்பாயில் நடைபாதைக் குடிசைகளைப் பிடுங்கி, ஏழைகளைச் சொந்த ஊருக்குத் துரத்தினார்கள். நம் சேலத்திலிருந்து பிழைக்கப் போயிருந்த நிலமற்ற கூலிக்காரர் ஒருவரையும் குடும்பத்தோடு பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அவரும் மற்றவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகைக்காரரும் தம் பேரைக் கொடுத்து வழக்காடினார். 1985-ல் தீர்ப்பு வந்தது. நடைபாதையிலேயே இருக்கலாமென்று கோர்ட்டு சொல்லவில்லை. ஆனால் உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் சேர்ந்ததென்று ஒப்புக்கொண்டது. இன்றைக்கும் குடிசைவாசிக்காக வழக்காடும் வக்கீல் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறார். எழுதுகிறவரும் வீடிழந்தவரும் ஒரே மனுவில் நின்றதால் வந்த பலன் இது!

இங்கே நாம் செய்வதென்ன? நிருபரைக் கைப்பிடித்து அழைத்துப்போய் ஒழுகும் கூரையைக் காட்டுகிறோம். "தைரியமாய் எழுதுங்கள், ஐயா" என்கிறோம். நோட்டீசு வந்த அன்று, "நான் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கதவைச் சாத்திக்கொள்ளுகிறோம். வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்வான், மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்துவான் என்ற பயம் எனக்குத் தெரியாததல்ல. ஒரு குடும்பம் சொன்னால் அதைத் துரத்தலாம். 40 குடும்பமும் கையெழுத்துப் போட்டால் யாரைத் துரத்துவது?

ஆகவே தோழர்களே! வாடகைச் சீட்டு, பட்டா நகல், நீங்கள் கொடுத்த மனு, வந்த நோட்டீசு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நிருபரிடம் சொன்னதைக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவருக்குச் சம்மன் வந்தால் பத்துப் பேராவது கூடப் போங்கள். கோவில் திருவிழாவுக்குத் தெருவுக்குத் தெரு வசூலிக்கிறோமே, அதில் பத்தில் ஒரு பங்கு அவர் வக்கீல் செலவுக்குத் தரக்கூடாதா? உங்கள் சுவருக்காக எழுதியவன் கூண்டில் தனியாய் நிற்பானேயானால், அவன் மேல் வழக்குப் போட்டவனைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?