ஆதிரை பிறந்த வகை
(காஞ்சிபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மார்கழி முன்னிரவில் கீழ்வானை நோக்குவார்க்குச் செந்நிற மீனொன்று தோன்றும், அதுவே ஆதிரை. ஆதிரையிற் பிறந்தார் இன்னார், அவர்க்கு வாய்ப்பது இன்னது என்று ஓலை புரட்டிக் கூறுவார் நம்மிற் பலர். ஆதிரையே பிறந்தது எவ்வாறு என்று கேட்டார் எத்துணையர்?

அதன் அகவை ஒரு கோடி ஆண்டளவே. நம் கதிரவனுக்கோ 460 கோடி. நிறையோ கதிரவனைப்போல் 15 மடங்கையொட்டியது. இத்தகைய பெருமீன்களின் பிறப்பைக் காணத் தொலைவு செல்ல வேண்டா. ஆதிரைக்குத் தென்புறத்தே மூன்று மீன்கள் வரிசையாய் நிற்கும். அவ்வரிசைக்குந் தெற்கே, புகை படிந்தாற்போன்ற ஒளித்திட்டொன்று வெறுங்கண்ணுக்கே புலனாகும். மேலைநாட்டார் ஓரியன் முகில் என்பது இதனையே. ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அம்முகிலில், சில பத்து இலக்கம் ஆண்டே அகவையுடைய இளமீன்கள் ஆயிரக்கணக்கில் நெருங்கியுள்ளன. நடுவண், சரிவகமாய் நான்கு பெருமீன்கள் ஒளிர்கின்றன. அவற்றுள் தலையாயது கதிரவனைப்போல் 30 மடங்கிற்கும் மிக்க நிறையுடையது.

சிறுமீனின் பிறப்பு எளிது. குளிர்ந்த வளியும் துகளும் தம் ஈர்ப்பாற் சுருங்கிச் சூடேறும், பின்னர் ஒளிரும். பெருமீனுக்கோ ஓர் இடர்ப்பாடு உண்டு. அது வளர்ந்து முடியுமுன்னரே அதன் உள்ளகம் எரியத் தொடங்கிவிடுகின்றது. அப்பேரொளியின் அழுத்தம், வந்து விழும் துகளை வெளியே தள்ளுகின்றது. உண்ணும் வாயே உணவைத் துரத்துமாயின் உடல் எங்ஙனம் பருக்கும்? ஆய்வாளரை நெடுங்காலம் மயக்கிய வினா இது.

விடை வட்டில் உள்ளது. பொருள் நேரே விழாது, சுழலும் தட்டை வட்டொன்றின் வழியாகச் சேர்கின்றது. ஒளி, வட்டின் மேலும் கீழுமாகத் தப்பிச் செல்கின்றது. சிலி நாட்டு அட்டகாமா மேட்டில் 66 அலைவாங்கிகள் கொண்ட தொலைநோக்கி உண்டு. அதன் துணையால், 1,60,000 ஒளியாண்டுக்கப்பால் உள்ள பெரிய மகெல்லன் முகிலில், இளம் பெருமீன் ஒன்றைச் சூழ்ந்த வட்டினை 2023இல் கண்டறிவித்தனர். நம் பால்வழிக்கு வெளியே கண்ட முதல் வட்டு அதுவே.

அவ்வளவு பொருள் எங்கிருந்து வருகின்றது? இங்குதான் அறிஞர் இரு பிரிவினர். பெருமீன், தொடக்கத்திலேயே செறிந்த பெருங்கருவொன்றினின்று பிறக்கின்றது என்பர் மெக்கீ, தான் ஆகிய இருவர். திரளின் நடுவே இருப்பது, உடன்பிறந்தாரோடு போட்டியிட்டு மிகுதியான வளியை ஈர்த்துப் பெருமீனாகின்றது என்பர் பானெலும் அவர் குழுவினரும். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எனினும் 2009 முதல் 2013 வரை விண்ணில் இயங்கிய எர்செல் தொலைநோக்கி ஒன்றைத் தெளிவாகக் காட்டிற்று: விண்முகில் என்பது இழை இழையாய் அமைந்தது. இழைகள் பல வந்து கூடும் முடிச்சுகளிலேதான் மீன்திரளும் பெருமீனும் பிறக்கக் காண்கின்றோம். இழைகளின் வழியே வளி முடிச்சை நோக்கி ஓடுகின்றது. பாவும் ஊடையும் அறிந்த இவ்வூரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் தறியில் இழை ஓரிடத்துக் கூடிச் சிக்கினால் சேலை கெடும். விண்ணிலோ அச்சிக்கலிற்றான் பெருமீன் பிறக்கும்!

பெருமீனுக்கு வாழ்நாள் குறைவு. கார்த்திகையென வழங்கும் அறுமீன் திரளுக்கு அகவை பத்துக் கோடி ஆண்டளவு. ஆதலின் ஆதிரையை ஒத்த பெருமீன் எதுவும் இன்று ஆங்கில்லை. ஆனால் பெருமீன்கள் வறிதே மாய்வதில்லை. நாம் உயிர்க்கும் உயிர்வளியிற் பெரும்பங்கு அவற்றின் உள்ளகத்தே சமைந்து, அவை வெடித்துச் சிதறியபோது வெளிப்போந்ததாகும்.

2019இன் இறுதியில் ஆதிரை ஒளி மங்கிற்று. வெடிக்கப்போகின்றது என்று உலகெங்கும் பேச்செழுந்தது. அது தானே உமிழ்ந்த துகள் அதன் முகத்தை மறைத்ததென்று பின்னர்த் தெளிந்தனர். மெய்யாகவே வெடிக்கும் நாள், ஓர் இலக்கம் ஆண்டிற்குள் வரலாம் என்று கணிக்கின்றனர். அன்று அம்மீன் நண்பகலிலும் தெரியும்.