விற்றபின் தேடும் துப்பாக்கிகள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாய், ஏதாவது பேசேன்" என்றார் நம் செயலாளர். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி. பயப்பட வேண்டாம், நான் ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் நம் நாட்டில் வேட்டை என்பது பழங்கதை. அதற்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. நல்ல இயந்திரம் ஒன்றைக் கைவிட்டவர்கள் ஏன் காலமெல்லாம் வருந்துகிறார்கள் என்பதை, மெக்கானிக்கல் படித்தவன் என்ற முறையில் சொல்லலாம் என்று ஓர் ஆசை.

நான் வேலை பார்த்தது பென்சில்வேனியா மாநிலத்தில். நவம்பர் நாலாவது வியாழக்கிழமை அங்கே நன்றி செலுத்தும் பண்டிகை. அதற்கடுத்த திங்கட்கிழமைதான், 1963 முதல் 2018 வரை, ரைபிள் கொண்டு மான் வேட்டையாடும் பருவத்தின் முதல் நாள். பல பள்ளிகளுக்கு அன்று லீவு. எங்கள் தொழிற்சாலையில் பாதி மெஷின் ஓடாது. 2019-இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். சரி, இவர்கள் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசுவார்கள்? சுட்ட மானைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். விற்ற துப்பாக்கியைப் பற்றி வருஷம் முழுக்கப் பேசுவார்கள்!

அந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும் பெயர் வின்செஸ்டர் மாடல் 70. 1936-இல் வந்தது. தோட்டா மேகஸினிலிருந்து மேலே எழும்போதே, போல்ட்டில் உள்ள நீண்ட ஸ்பிரிங் நகம் ஒன்று அதன் அடிவிளிம்பைக் கவ்விக்கொள்ளும். குழலுக்குள் போகும்வரை விடாது. சுட்டபின் காலிக் கூட்டை வெளியே இழுத்துப் போடும்வரையும் விடாது. 1898-ஆம் ஆண்டு ஜெர்மன் மௌசர் துப்பாக்கியின் வழி வந்த அமைப்பு இது. அவசரத்தில் கை நடுங்கினாலும் தோட்டா தடம் மாறாது என்ற நம்பிக்கை இதனால் வந்தது.

யுத்தத்துக்குப் பிறகு கூலி ஏறிவிட்டது. மாடல் 70-க்கு மில்லிங் வேலை அதிகம். போட்டிக் கம்பெனியான ரெமிங்டனோ, ரிசீவரை உருண்டையாகக் கடைந்து எடுக்கும் சிக்கன வழியை 1948-லேயே பிடித்துவிட்டது. 1962-இல் மாடல் 700-ஐ இறக்கியது. லேத்தில் கடைவதற்கும் மில்லிங்கில் செதுக்குவதற்கும் உள்ள செலவு வித்தியாசம் நம் ஒர்க்‌ஷாப்பில் நின்று வேர்த்தவர்களுக்குத் தெரியும். 1964-இல் வின்செஸ்டர் அந்தப் பெரிய நகத்தை எடுத்துவிட்டது. மரக்கட்டையில் கையால் வெட்டிய குறுக்குக்கோடுகள் போய், அழுத்திப் பதித்த அச்சு வந்தது. புதியது குறி தவறவில்லை, நன்றாகவே சுட்டது. ஆனாலும் "அறுபத்து நாலுக்கு முந்தியது" என்பதே ஒரு பட்டப்பெயர் ஆகிவிட்டது. 700000-இல் தொடங்கும் எண் பொறித்திருந்தால் அது புதியது என்று கண்டுகொள்வார்கள். 1990-களின் தொடக்கத்தில் கம்பெனியே அந்த நகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சாவேஜ் 99. 1899-இல் வந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஓடியது. மற்ற பல லீவர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனைத் தோட்டா போட்டால், அதன் முனை முன்னால் உள்ளதன் பிரைமரில் இடித்து வெடிக்கும் ஆபத்து உண்டு. சாவேஜ், தோட்டாக்களைச் சுழலும் உருளையில் அடுக்கி அந்த ஆபத்தை ஒழித்தார். இதன் தயாரிப்பு பிறகு நின்றுபோனது.

இப்படிப்பட்டதை ஏன் விற்றார்கள்? ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் என்று விற்றவர்கள் உண்டு. அவர்களுக்கு வருத்தம் இருந்தது; ஆனால் மனம் ஆறியிருந்தது. ஆறாதவர்கள், ஆசைப்பட்டு மாற்றிக்கொண்டவர்கள். 1962-63-இல் 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் என்று வேகமான தோட்டாக்கள் வந்தன. பழையதைக் கடையில் கொடுத்து, மேலே கொஞ்சம் பணம் கட்டிப் புதியதை வாங்கினார்கள். அந்த மாநிலத்துக் காட்டில் மான் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள் நிற்கும். அதற்கு இத்தனை வேகம் எதற்கு?

எங்கள் டூல்ரூமில் ஒரு பெரியவர் இருந்தார். அப்பா கொடுத்த பழைய மாடல் 70-ஐக் கொடுத்து ஒரு மேக்னம் வாங்கியவர். அது தோளில் உதைத்த உதையில் இரண்டே பருவத்தில் அதையும் தள்ளிவிட்டார். பழையதைத் தேடிப் போனார். கடைக்காரர் யாருக்கோ விற்றாகிவிட்டது, அவர் இன்னாருக்கு விற்றார் என்று சொல்லும் பொதுப் பதிவேடு கிடையாது. மத்திய அரசு அப்படி ஒன்று வைக்கக்கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

அவர் கடைசியில் அதே வருஷத்து மாடலில் வேறொன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினார். நகம் அதேதான், மரமும் அதேதான். இருந்தும் துப்பாக்கிச் சந்தைக்குப் போனால், ஒவ்வொரு மாடல் 70-ஐயும் புரட்டி அடிக்கட்டையைப் பார்ப்பார். முள்கம்பி வேலியில் அப்பா கீறிய தடம் அங்கே இருக்க வேண்டும். "பணம் கொடுத்தால் மாடல் கிடைக்கிறது, அந்தக் கீறல் கிடைக்கவில்லை" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "கடைக்குக் கொண்டுபோன அன்றைக்கு என் மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கு அப்போது பதினோரு வயது. தாத்தாவின் துப்பாக்கி எங்கே என்று அடுத்த நவம்பரில்தான் கேட்டான்."

நண்பர்களே, எதையும் விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கஷ்டத்துக்கு உதவாத பொருள் எதற்கு? ஆனால் நாம் எல்லோரும் வீட்டைக் காலி செய்கிற வயதுக்கு வந்துவிட்டோம். "இது என்ன விலைக்குப் போகும்?" என்பதோடு, "இதை இன்னும் செய்கிறார்களா?" என்றும் கேளுங்கள். அதைவிட முக்கியம், விலை பேசுவதற்கு முன்னால் வீட்டில் உள்ள சின்னவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் தாராளமாக விற்கலாம்.