70,000 கிலோமீட்டர் ஓடிய பைக்கை வாங்கலாமா?

பிள்ளைகளுக்குப் பழைய பைக் பார்க்கிறீர்களா? மீட்டரில் 70,000 என்றதும் பயப்பட வேண்டாம். ஒழுங்காக ஆயில் மாற்றிய 100 சிசி வண்டி இன்னும் ஓடும். குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். மீட்டரைத் திருத்திவிட முடியும்.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் வேலைச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

வங்கியில் நான் பார்த்தது: கடனை அடைத்த பலர் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரை நீக்குவதில்லை. தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கேளுங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்தான பிறகே முழுப் பணம் கொடுங்கள்.

விற்பவர்களும் கவனியுங்கள்: பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது.