தோட்டத்து மக்களும் நாட்பட்ட நோய்களும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிற் பேச வருவோர் முதலிற் சங்கத்தின் சாதனைகளைப் புகழ்ந்துவிட்டுப் பின்னர் தமக்குரிய பொருளுக்கு வருவது வழக்கம். நாம் இன்று அவ்வழக்கத்தைச் சற்று மாற்றி, சங்கம் தவறிய ஓரிடத்திலிருந்து தொடங்க எண்ணுகின்றோம். செயலாளர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அயலிலுள்ள தோட்டமொன்றில் நாம் வைத்திய முகாம் நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். பந்தல் போட்டோம், ஒலிபெருக்கி கட்டினோம், வைத்தியர் இருவர் வந்து உதவினர். காலை முதல் மாலை வரை வந்தோர் எல்லாருக்கும் இரத்த அழுத்தமும் இரத்தத்திலுள்ள சீனியும் பார்த்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தோம். படமும் பிடித்தோம். அப்படம் அவ்வாண்டு மலரில் வெளிவந்தது. அத்துடன் நாம் வீடு திரும்பினோம்.

அன்று காகிதம் பெற்றோருள் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம். அவருடைய காகிதத்தில், சீனி அதிகம், ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று எழுதியிருந்தது. அவர் போனார். பதினெட்டு மாதங்களின்பின், இடது காலில் இரண்டு விரல்கள் எடுக்கப்பட்டபோதே நாம் அவரை மீண்டும் கண்டோம். நடுவில் என்ன நடந்தது என்பதை அவர் வாயாற் கேட்டறிந்த பின்னர்தான் இப்பேச்சுக்கு நாம் ஒப்புக்கொண்டோம்.

அதைச் சொல்வதற்கு முன், நாம் எந்த மக்களைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதைச் சிறிது நினைவுபடுத்திக் கொள்வோம். 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 839,504 பேர். நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவில். முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டோரின் சந்ததியார். இவர்களுடைய சுகாதாரம் நெடுங்காலம் அரசாங்கத்தின் பொறுப்பாகவன்றித் தோட்டத்தின் பொறுப்பாகவே இருந்தது. 1872ஆம் ஆண்டிலேயே தோட்ட மக்களின் வைத்தியத் தேவை பற்றி ஒரு கட்டளைச்சட்டம் பிறந்தது. 1912இல் மற்றொன்று வந்தது. சட்டம் இருந்தது, அதை நிறைவேற்ற வேண்டியவர் துரை. தொழிலாளியின் தேகசுகம் எவ்வளவுக்குக் கொழுந்துக்கு அவசியமோ அவ்வளவுக்கே அது கவனிக்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

ஓர் உதாரணம். 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் தாபனத்தார் கொக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கத்தை இலங்கைத் தோட்டங்களில் ஆரம்பித்தனர். வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துட் புகுந்து, குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடம் கட்டும் செலவுக்குப் பல தோட்டங்கள் இசையவில்லை. ஆகவே மருந்து குடித்தவர் அதே மண்ணில் நடந்து அதே புழுவை மறுபடியும் பெற்றார். நாம் நடத்திய முகாமும் அவ்வியக்கமும் ஒரே குறையை உடையன அல்லவா? நோயைக் கண்டோம், நோய் இருக்கும் வாழ்வை விட்டுவிட்டோம்.

1948இற் குடியுரிமை பறிபோன கதையும், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான கதையும், 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போன கதையும் நீங்கள் அறிந்தவை. 1990கள் தொடங்கித் தோட்டத்து ஆஸ்பத்திரிகள் சிறிது சிறிதாக அரசாங்கத்தின் சுகாதார சேவையோடு சேர்க்கப்பட்டு வந்தன. தாய் சேய் நலத்தில் அதனாற் பெரும் முன்னேற்றம் உண்டு. அதை மறைப்பது நன்றியன்று. ஆனால் இன்று லயங்களுக்குள் நுழைந்திருக்கும் நோய்கள் வேறு இனத்தவை. வாந்திபேதிபோல வந்து ஒரு வாரத்தில் முடிவு சொல்பவையல்ல. நீரிழிவு, இரத்த அழுத்தம், வாய்ப் புற்றுநோய் என்பன வீட்டுக்கு வந்த விருந்தாளியைப்போல் சத்தமின்றி இருந்து, பத்து ஆண்டுகளின்பின் வீட்டையே தமதாக்கிக் கொள்பவை. ஒருநாள் மருந்தால் தீராதவை. இவற்றுக்கு வேண்டியது மாதந்தோறும் ஒருவர் கவனிப்பதும், நாள்தோறும் நோயாளி தம்மைத் தாமே கவனிப்பதும்.

இனி அந்த அம்மாவின் கதைக்கு வருவோம்.

கிளினிக் பட்டினத்திலுள்ளது, கிழமை நாளிலேயே நடைபெறுவது. காலை ஐந்தரை மணி பஸ்ஸைத் தவறவிட்டால் இலக்கம் பின்னுக்குப் போய்விடும். போனால் அன்றைக்குப் பேர் இல்லை. பட்டினத்து நண்பர்களுக்காகச் சொல்கின்றோம்: தோட்டத்திற் பேர் என்றால் ஒரு நாட் சம்பளம். மருந்து இலவசம்தான், ஆயினும் ஒரு பேரும் பஸ் காசும் போகின்றன. மகளையும் துணைக்கு அழைத்தால் இரண்டு பேர் போகும். ஆகவே அவர் தனியே போனார்.

அங்கே தாதியர் நல்லவர், கடிந்து பேசவில்லை. ஆனாற் பேசிய மொழி சிங்களம். 1987ஆம் ஆண்டின் திருத்தத்தின்பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று சட்டப் புத்தகம் கூறும். புத்தகத்திலிருக்கும் தமிழ் அன்று கிளினிக்கின் மேசைக்கு வரவில்லை. அம்மா தலையை ஆட்டினார். கொப்பியில் எழுதிய நேரங்களும் அளவுகளும் அவருக்கு விளங்காத எழுத்தில் இருந்தன. மாத்திரை உறையைக் காட்டி எவ்வாறு சாப்பிட்டீர்கள் என்று நாம் வினவியபோது அவர் சொன்ன மறுமொழி இது: “தலை சுத்துற நாளைக்குப் போடுவேன் தம்பி. நல்லா இருக்கிற நாளைக்கு எதுக்கு மருந்தை வீணாக்கணும்? பக்கத்துக் காம்பராக்காரிக்கும் சீனிதான். அவளுக்கும் ரெண்டு குடுப்பேன்.”

இதிலே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு மருந்து குடித்துக் காய்ச்சல் விட்டதும் நிறுத்துவது நூறு ஆண்டுப் பழக்கம். சுகமாக இருக்கும் நாளிலும் மருந்து வேண்டும் என்பது புதிய பாடம். அப்பாடத்தை அவருக்கு விளங்கும் மொழியில் எவரும் சொல்லவில்லை.

இன்னொரு நாள் இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரும்படி சொன்னார்கள். அது மட்டும் அவருக்கு விளங்கியது. சாப்பிடாமற் புறப்பட்டார்; ஆனால் வைத்தியர் கோபிப்பாரே என்று அன்றைக்கு மாத்திரையை ஒழுங்காக விழுங்கிவிட்டார். பஸ்ஸில் உடல் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுந்தார். சீனியைக் குறைக்கும் மாத்திரைகளுட் சில, உணவின்றி உட்கொண்டால் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். பரிசோதனை முடிந்து உணவு உண்ணும் வரையில் அவற்றைப் போடாதிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த ஒருவர் இனிப்புச் சோடா வாங்கிக் குடிக்கக் கொடுத்ததால் அவர் தப்பினார். நினைவோடு இருப்பவருக்குச் சீனித் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். அதன்பின் அவர் கிளினிக்கை விட்டுவிட்டார். மாத்திரைதான் தம்மைக் கொல்லப் பார்த்தது என்று நம்பினார். அவர் நிலையில் நாமும் அப்படித்தான் நம்பியிருப்போம்.

காலுக்கு வந்தது என்னவென்றால், ஓர் அட்டைக்கடி. மழைக்காலத்தில் மலையிலே யாருக்கு அட்டை கடிக்கவில்லை? சொறிந்தார், புண்ணானது. நீரிழிவு நெடுநாள் இருந்தால் காலின் நரம்புகள் மரத்துப்போகும். இரத்த ஓட்டமும் குறையும். நோவு இல்லாத புண்ணை யார் பொருட்படுத்துவர்? ஈரச் செருப்போடு நாள் முழுவதும் மலையில் நின்றார். விரல் கறுத்தபின்னரே மகன் பார்த்தார்.

இப்பொழுது நம்மைப் பற்றிய கசப்பான பகுதி. அதே லயத்தில், மூன்றாவது காம்பராவில், நம் சங்கத்து அங்கத்தவர் ஒருவர் வசிக்கின்றார். சிங்களம் எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவர். முகாம் நாளில் அந்தத் துண்டுக் காகிதத்தைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தவரும் அவரே. பதினெட்டு மாதங்களில் ஒருமுறையாவது அவர் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. கேட்க வேண்டும் என்று நாம் எவரும் அவருக்குச் சொன்னதுமில்லை. அவர் இச்சபையில் இருக்கின்றார். இதைச் சொல்ல அவரே அனுமதி தந்தார்.

ஆகையால் இவ்வாண்டு முகாம் வேண்டாம் என்று நாம் செயற்குழுவிற் கூறினோம். பெரியோர் சிலர் மனம் வருந்தினர். முகாம் பாவமன்று, ஆயின் தொடர்ந்து பார்க்க ஆளில்லாத முகாம், தபாற்பெட்டியில் இடாத கடிதம் போன்றது. பரிசோதிக்க இடமில்லை என்பதும் இப்பொழுது சரியன்று. 2011 முதல் அரசாங்கம் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை நாடெங்கும் திறந்து, ஆரம்பத்தில் 40 முதல் 65 வயது வரையுள்ளோரை இலவசமாகப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தது. நம்மவர் அங்கே போகாததற்குக் காரணம் நாம் மேலே சொன்ன பேரும் பஸ்ஸும் மொழியும். இம்மூன்றும் வைத்தியரால் தீர்க்கக்கூடியவையல்ல. நாம் தீர்க்கக்கூடியவை, ஓரளவுக்கேனும்.

ஐந்து மாதங்களாக எட்டு வாலிபர்கள் இதனைச் செய்து வருகின்றனர். ஆளுக்கு ஒரு லயம். அவரவர் வசிக்கும் லயமே. கிளினிக் கொப்பியை வாசித்து, காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் படமாக வரைந்து மாத்திரை உறையில் ஒட்டுகின்றனர். கிளினிக் நாளில் முறைவைத்து ஒருவர் கூடப் போய் மொழிபெயர்க்கின்றார். ஒருவரே ஆறு நோயாளிகளுக்குத் துணையாகப் போவதால் ஆறு மகள்மாரின் பேர் மிஞ்சுகின்றது. தோட்ட நிருவாகத்தோடு பேசி, கிளினிக் போவோருக்கு அரைப்பேராவது போடும்படி கேட்டிருக்கின்றோம், பதில் வரவில்லை. மறுபடியும் கேட்போம். கால் பார்ப்பதுதான் முதலில் எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது. மூத்தோர் இளையவர் முன் காலை நீட்டுவதா என்று தயங்கினர். இப்பொழுது மாலையில் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, உள்ளங்காலைச் சிறு கண்ணாடியிற் பார்க்க அவர்களே பழகி வருகின்றனர். மரத்த காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கூடாது என்பதையும் சொல்லி வருகின்றோம். நோவு தெரியாத காலில் கொப்புளமும் தெரியாது.

தடுப்பு முறைகளைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். அவற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒருவருக்கு ஒருநாளைக்கு உப்பு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும் என உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. கருவாடும் சம்பலும் ஊறுகாயும் சேர்ந்தால் அந்த அளவு காலைச் சாப்பாட்டிலேயே முடிந்துவிடும். மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியும், சீனி நிறைந்த தேத்தண்ணியும் என்றால் நீரிழிவுக்குக் கம்பளம் விரித்தது போலாகும். ஆனால் இதற்காக அம்மாமாரைக் கண்டிக்க நமக்கு உரிமை குறைவு. அரிசியும் மாவும் தோட்டமே கொடுத்துச் சம்பளத்திற் கழித்துக்கொண்ட காலத்தில் உண்டான ருசி அது. விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்துக்கு ஓடுவோருக்கு ரொட்டியே கைக்கு எளிது. லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் கீரையும் போஞ்சியும் வைத்தால், விற்பதில் ஒரு பிடியை வீட்டுக்கும் நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்போம். சென்னையில் நீரிழிவை எதிர்நோக்கி நின்ற 531 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2006இல் வெளியாயிற்று. உணவையும் நடையையும் திருத்தியோரிடையே நோய் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தோருக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அவ்வளவே.

வெற்றிலையைப் பற்றிப் பேசினாற் பெரியோர் முகம் சுளிப்பர். புகையிலைதான் கெடுதி, பாக்கு நல்லது என்பர். 2004இல் உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட நூல், பாக்குத் தானே புற்றுநோயை உண்டாக்குவது எனத் தீர்மானித்தது. மலையிற் குளிருக்கும் பசிக்கும் துணையாக மெல்லுவது நமக்குத் தெரியாததல்ல. விட முடியாதோர், வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ கண்டால், வாய் திறக்க முடியாமல் இறுகினால், இரண்டு வாரத்துக்கு மேல் காத்திராமற் காட்டட்டும்.

கடைசியாகப் பிள்ளைக்காம்பராவைப் பற்றி ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டங்களில் 31.7. இது நாட்பட்ட நோயைப் பற்றிய பேச்சில் ஏன் வந்தது என்று நினைக்கலாம். தாயின் வயிற்றிற் குறைவாக வளர்ந்து சிறுத்துப் பிறந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் இருதய நோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பு அதிகம் என இங்கிலாந்தில் பேராசிரியர் டேவிட் பார்க்கர் 1980களிற் காட்டத் தொடங்கினார். புனே நகரத்து ஆராய்ச்சிகளும் இதனை வலியுறுத்தின. ஆகவே இன்று கர்ப்பிணி ஒருவருக்கு முட்டையும் பருப்பும் கிடைக்கின்றனவா என்று பார்ப்பது, ஐம்பது ஆண்டுகளின்பின் வரக்கூடிய ஒரு நீரிழிவுக்காரரின் காலைப் பார்ப்பதாகும். மாதர் பகுதியினர் இதை மேற்கொள்வதாகச் சொல்லியிருக்கின்றனர். எப்படிச் செய்வது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. காசு சேர்ப்பதிற் கருத்து வேறுபாடு உண்டு.

அந்த அம்மா இப்பொழுது கொழுந்துக்குப் போவதில்லை. பிள்ளைக்காம்பராவில் உதவிக்கு இருக்கின்றார். மாத்திரையை நாளும் போடுகின்றார். நம்மேல் கோபமா என்று கேட்டோம். “நீங்க என்னா செய்வீங்க தம்பி, சின்னப் பயலுக” என்றார். அந்த மன்னிப்பை ஏற்றுக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

எட்டுப் பேரில் இருவர் அடுத்த மாதம் வேலைக்காகக் கொழும்பு போகின்றனர். அவர்களுடைய லயங்களுக்கு ஆள் வேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரிந்திருந்தால் போதும். வரும் செவ்வாய்க்கிழமை கிளினிக். ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் கோயிலடியில் நிற்போம்.