சிக்கு



நாளிதழை எந்த நாள் எடுத்தாலும் ஒரு சொல் கண்ணில் பட்டுவிடும். சிறுத்தை கூண்டில் சிக்கியது. லஞ்சம் வாங்கிய அலுவலர் கையும் களவுமாகச் சிக்கினார். வெள்ளத்தில் சிக்கித் தவித்தவர்கள் படகில் மீட்பு. தொகுதிப் பங்கீட்டில் சிக்கல். சிறுத்தை சிக்கியதில் ஊருக்கு நிம்மதி. வெள்ளத்தில் சிக்கியவருக்கோ உயிர்ப்பயம். இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இப்போது வானொலியில் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

சிக்கு என்ற சொல்லுக்குத் தாய்வீடு எது என்று கேட்டால், தலைமுடி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரம் உலரும் முன்பே முடிந்துகொண்ட கூந்தலை மறுநாள் பிரித்துப் பாருங்கள். சிக்கு விழுந்திருக்கும். முடியில் சிக்கு விழும், சிக்கு பிடிக்கும், சிக்கு எடுப்போம். சிக்கெடுப்பதற்கென்றே பல் அகன்ற சீப்பு உண்டு. அதற்குச் சிக்குவாரி என்று பெயர். மயிரிழையின் மேல்தோல் வழவழப்பாகத் தெரிந்தாலும், உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் ஓட்டுக் கூரை வேய்ந்ததுபோலச் செதில் செதிலாக இருக்கிறது. செதில்களின் விளிம்பெல்லாம் நுனியை நோக்கி இருக்கும். இழையோடு இழை எதிரும் புதிருமாக உரசும்போது விளிம்பு ஒன்றை ஒன்று பற்றிக்கொள்கிறது. சிக்கு என்பது அதுதான். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக வாரினால் மேலே கிடந்த சிக்கெல்லாம் கீழே இறங்கி, ஒரே முடிச்சாக இறுகிவிடும். நுனியைப் பிரித்துவிட்டு, கொஞ்சம் மேலே போய், அதைப் பிரித்துவிட்டு, இன்னும் மேலே போக வேண்டும். பெண் குழந்தையை மடியில் இருத்தித் தலை வாரிவிடும் எந்தத் தாய்க்கும் இது தெரியும்.

அடுத்தது வலை. கடலில் விரிக்கும் செவுள் வலையைப் பற்றி மீனவர்களிடம் கேளுங்கள். அது நீருக்குள் சுவர்போல நிற்கும். மெல்லிய நைலான் இழை மீனின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வலைக்கண்ணுக்குள் தலை நுழைந்துவிடும், உடம்பு நுழையாது. சரி, திரும்பிவிடலாம் என்று மீன் பின்வாங்கும்போது செவுள் மூடியில் இழை மாட்டுகிறது. முன்னே போனதால் வந்ததல்ல இந்தச் சிறை. பின்னே வர முயன்றபோது வந்தது. இங்கே நம் இலக்கணம் செய்வதையும் கவனியுங்கள். மீன் சிக்கியது என்கிறோம். சிக்கியது மீன், அதுதான் எழுவாய். வலை விரித்தவர் அந்த வாக்கியத்தில் இல்லை. இந்த இடத்துக்கு மறுபடியும் வருகிறேன்.

அசைய முடியாமல் போகும் எல்லாமே சிக்குவதில்லை. 2021 மார்ச் 23-ஆம் தேதி சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் குறுக்கே திரும்பி நின்றுவிட்டது நினைவிருக்கும். 400 மீட்டர் நீளமுள்ள கப்பல். 29-ஆம் தேதிதான் அதை மிதக்கவைக்க முடிந்தது. நம் கடலோரச் சொல்லில் அந்தக் கப்பல் தரைதட்டியது. முகப்பு கரையில் புதைந்தது. அதற்கு முன்னும் பின்னும் வழியில்லாமல் வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கான கப்பல்கள் இருந்தனவே, அவைதான் சிக்கிக்கொண்டவை. ஒரே நிகழ்ச்சி. தரைதட்டுவது வேறு, சிக்குவது வேறு.

இப்படித்தான் வண்டிச் சக்கரம் சேற்றில் புதையும். சாக்கடை அடைத்துக்கொள்ளும். பட்டம் மரக்கிளையில் மாட்டும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊறி இறுகும். லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் சிக்கிக்கொள்வார். இளைஞர்கள் பலர் இத்தனைக்கும் சேர்த்து ஸ்டக் ஆயிடுச்சு என்கிறார்கள். கைப்பேசிக்கு அது பொருந்தலாம். ஆனால் குழாய் சரிசெய்ய வருபவர், அடைச்சிருக்கா, உடைஞ்சிருக்கா என்று கேட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். எப்படி நின்றது என்பது தெரிந்தால்தான் எப்படி விடுவிப்பது என்பது தெரியும். நம்முடைய இந்தச் சொற்களில் பாதி வைத்தியம் இருக்கிறது.

மாட்டிக்கிட்டேன் என்பதற்கும் சிக்கிக்கிட்டேன் என்பதற்கும் நூலிழை வேறுபாடு உண்டு. சட்டையை ஆணியில் மாட்டுகிறோம். ஒரு கொக்கி, ஒரே இடம். தலைக்கவசம் போடாமல் போய்ப் போலீஸிடம் மாட்டிக்கிட்டான் என்றால் அபராதம் கட்டியதும் விடுதலை. சிக்குவதில் பல இழைகள் உண்டு. ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அகப்படுவது இன்னொரு வகை. தென்மாவட்டங்களில் அது ஆம்பிட்டுக்கிட்டான் என்று உருமாறி வாயில் புரளும். அகப்பட்டவனுக்கு அட்டமத்துச் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதாமிடத்து ராசா என்று ஒரு பழமொழி. தப்புச் செய்தவர் பலர், பிடிபட்டவன் ஒருவன் என்ற ஊர் நியாயத்தை அதைவிடக் கசப்பாகச் சொல்ல முடியாது.

பக்கத்து மொழிகளுக்குப் போனால் இந்தச் சொல் முகம் மாறுகிறது. தெலுங்கில் சிக்குமுடி என்றால் அவிழ்க்க முடியாத முடிச்சு, நமக்கும் புரிகிறது. கன்னடத்திலோ சிக்குவது என்றால் கிடைப்பது. கெலஸ சிக்கிது என்று ஒருவர் சொன்னால், ஐயோ பாவம் என்று பதறாதீர்கள். அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. நம் பேச்சிலும் இந்தப் பொருள் இல்லாமல் இல்லை. தீபாவளிக்கு ரயில் டிக்கெட் சிக்கவே இல்லை என்கிறோம். துப்பு சிக்கியது என்கிறோம். தேடுகிறவருக்குக் கிடைத்தது, தேடப்பட்டவருக்குச் சிக்கல். இரண்டு பக்கத்தையும் ஒரே சொல் தாங்குகிறது.

இறுகப் பிடிப்பதும் இதே குடும்பம்தான். சிக்கென என்றால் இறுக என்று பொருள். திருவாசகத்தின் பிடித்தபத்தில் மாணிக்கவாசகர் இறைவனைப் பிடித்துக்கொள்வது இந்தச் சொல்லால்தான். அங்கே விடுபட விரும்புகிறவர் யாரும் இல்லை. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிக்கல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. காமதேனுவின் பாலில் திரண்ட வெண்ணெயால் வசிட்டர் லிங்கம் பிடித்துப் பூசை செய்தார். முடிந்தபின் பெயர்த்து எடுக்கப் பார்த்தால் அது மண்ணோடு சிக்கிக்கொண்டு வரவில்லை. அதனால் ஊருக்குச் சிக்கல் என்று பெயர் என்பது தலபுராணம். அங்குள்ள முருகன் சிங்காரவேலர். கொத்தமங்கலம் சுப்பு தில்லானா மோகனாம்பாள் நாவலின் நாதசுர நாயகனுக்குச் சிக்கல் சண்முகசுந்தரம் என்று பெயர் வைத்தார். 1968-இல் அது படமாக வந்தபிறகு சிக்கல் என்றதும் சிவாஜி கணேசனின் முகம் தமிழ்நாடு முழுதும் தெரியும்படி ஆயிற்று.

எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்தது சிக்குக் கோலம். புள்ளி வைத்து, புள்ளியைத் தொடாமல், சுற்றிச் சுற்றிக் கம்பி இழுப்பது. முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று புரியாது. போடுகிற பெண்ணுக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும், வழியில் ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதி 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் விடியற்காலையில் கை தானாகச் செய்கிற வேலைக்குள் அத்தனை ஒழுங்கு இருக்கிறது.

இனி முன்னே விட்ட இடத்துக்கு வருகிறேன். வலை விரித்தவர் வாக்கியத்தில் இல்லை என்றேன். மீனுக்கு அது பரவாயில்லை. மனிதருக்கு அப்படிச் சொல்லலாமா? பிரச்சினை என்ற சொல்லுக்கு மாற்றாகச் சிக்கல் என்பதை ஏடுகள் எடுத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நிர்வாகச் சிக்கல் காரணமாக ஊதியம் தாமதம் என்று ஓர் அறிவிப்பு வரும்போது, கையெழுத்துப் போடாதவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. கடன் சிக்கலால் குடும்பமே தற்கொலை முயற்சி என்று செய்தி வரும்போது, கடன் என்பது மழைபோலத் தானாக வந்ததாகத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூலைத் தடைசெய்யும் சட்டம் 2003-இல் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று மக்கள் வாயில் வழங்கும் பெயர்களையே அந்தச் சட்டம் எடுத்து வரையறுத்தது. குற்றம் அங்கே வட்டி வசூலிப்பவருடையது. அவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்களும், வட்டிக்காரர்கிட்ட சிக்கிக்கிட்டோம் ஐயா என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் வட்டிக்காரர் இருக்கிறார். அதே சங்கதி அச்சில் ஏறும்போதும், எங்கள் வானொலிச் செய்தியில் வாசிக்கப்படும்போதும், கடன் சிக்கல் என்று சுருங்கி அவர் காணாமல் போகிறார். செய்தி எழுதும் நண்பர்கள் அவரை அந்த வாக்கியத்திலேயே இருக்க விடுங்கள்.