குடலழற்சியும் குடும்ப வழியும்

கரடியனாற்றில் ஒருவருக்கு வாரக்கணக்காக மலத்துடன் இரத்தம் போகுமாயின், அதனை மூலமென்றே எண்ணிவிடுதல் இயல்பு. அது நாட்பட்ட குடலழற்சியாகவும் இருக்கக்கூடும். அவ்வாறு தெரியவந்ததும், “பிள்ளைகளுக்கும் வருமோ?” என்று வீட்டார் கலங்குவர், கலியாணப் பேச்சு நடக்கும் வீடானால் கலக்கம் இரட்டிப்பாகும்.

குடலழற்சியின் ஒரு வகை கிரோன் நோய். ‘நொட் இரண்டு’ என்னும் மரபணுவின் சில மாற்றங்கள் அதற்கு ஏதுவாவதை 2001ஆம் ஆண்டில் மேனாட்டு அறிஞர் கண்டனர். குடற்கிருமிகளை உடல் இனங்காண உதவுவது அம்மரபணு. ஐரோப்பியரிடம் காணப்பட்ட அம்மாற்றங்கள் இந்திய மக்களை ஆராய்ந்தபோது மிக அரிதாகவே தென்பட்டன. நோயோ அவர்களிடமும் உண்டு. ஆகவே, அவற்றைத் தேடும் இரத்தப் பரிசோதனையால் கரடியனாற்றுக் குடும்பத்துக்குப் பயன் சொற்பமே.

இந்நோயுடன் தொடர்புடைய மரபணு இடங்கள் 200க்கு மேல் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றின் பங்கு மிகச் சிறிது. பெற்றோருள் ஒருவருக்கு நோயிருப்பினும், பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு அது வருவதில்லை. எனினும், அத்தகைய வீட்டில் எவருக்கேனும் இரத்தம் போனால், குடும்ப விவரத்தையும் மறையாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.