அடுப்பில் புகை வருகிறதா?



வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் இலங்கை அறிவித்தது. அதற்கு முந்தின மாதமே கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். பிறகு எரிபொருள் இல்லையென்று பாடசாலைகளையும் மூடினார்கள். இதெல்லாம் செய்தியில் கேட்டவைதான். சத்தமே இல்லாமல் விழுந்த ஒரு வெட்டைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். பாடசாலைச் சாப்பாடு.

நான் படிப்பித்தது மலையகத்தில், ஒரு தோட்டப் பாடசாலையில். சாப்பாட்டை நிறுத்துங்கள் என்று எங்களுக்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தத் தொகை ஒரு பக்கம் நிற்க, சந்தை மறுபக்கம் ஓடியது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தொகையைக் கூட்டத்தான் செய்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூட்டிய தொகை வந்து சேருவதற்குள் விலை இன்னொரு படி ஏறியிருக்கும். தொகையில் கை வைக்காமலேயே ஒரு திட்டத்தை வெட்டலாம் என்று அப்போதுதான் பார்த்தேன்.

எங்களுக்குச் சமைத்தவர் லயத்தில் இருந்த ஒரு அம்மா. பிள்ளைகளுக்கு ‘சோத்து அக்கா’. அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கிச் சமைப்பார். மாத முடிவில் பில் போடுவோம். காசு வர இரண்டு மாதமாகும், மூன்று மாதமாகும். கடைக்காரரும் பாவம், அவருக்கும் மொத்தக் கடையில் கடன். கடைக் கொப்பியில் பக்கம் நிறைய நிறைய, தட்டில் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. முதலில் போனது முட்டை. ஒன்று 50 ரூபாயைத் தாண்டியபோது யார் வாங்குவார்? பிறகு கீரை. பிறகு பருப்பு தண்ணீராகியது. கடைசியில் ஒரு நாள் அவர் வந்து, “டீச்சர், கடையில இனிக் கடன் இல்லையாம்” என்றார். அன்று சமையல் இல்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அடுத்த நாள் வரவுப் பதிவேடே எல்லாவற்றையும் சொல்லிவிடும். தரம் 3இல் ஒரு பையன் இருந்தான். வாசலுக்குள் வருமுன் கீழ்ப் பாதையில் நின்று குசினிப் பக்கம் அண்ணாந்து பார்ப்பான். “புகை வருதுடா!” என்று தம்பியைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் மேலே ஏறி வருவார்கள். புகை இல்லாத நாளில் சில வேளை அப்படியே திரும்பிவிடுவார்கள். வீட்டில் மட்டும் என்ன இருந்தது? அன்று தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். ரொட்டி சுடும் கோதுமை மா கிலோ 400 ரூபாய் வரை போனது. பள்ளிக்கூடத்துப் பிடிச் சோறு அந்த வீட்டுக் கணக்கில் ஒரு வேளை மிச்சம்.

நேரம் ஓடுகிறது, மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகம் இங்கே 1980இலிருந்து இலவசம். சீருடைத் துணியும் இலவசம். நெருக்கடிக்குப் பிறகு 2023க்கான துணியில் பெரும்பகுதியைச் சீனாதான் தந்தது. ஆனால் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பொறுப்பு. இலவசக் கல்வியில் வீட்டுக்கு விழும் இந்தச் செலவை அரசாங்கம் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை என்பது என் குறை. பெரிய பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல் போனதற்கும் விலைதான் காரணம். 2024இல் சானிட்டரி நப்கினுக்கு 1,200 ரூபாய் வவுச்சர் கொடுக்கத் தொடங்கியபோது, இதை முன்பே செய்திருக்கலாமே என்று எரிச்சல்கூட வந்தது.

அதே 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சாப்பாடு என்றார்கள். நல்ல காரியம். தரம் 6க்குப் போன பிள்ளைக்கு ஏன் இல்லை என்பது என் அடுத்த சண்டை, அதை இன்னொரு நாள் போடுகிறேன்.

வரவு செலவுத் திட்டம் வரும்போது, சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு, அந்தக் காசு எந்தத் திகதியில் கைக்கு வருகிறது என்பதையும் யாராவது கேட்பார்கள் என்று நம்புகிறேன். நீங்களும் உங்கள் ஊர்ப் பாடசாலைப் பக்கம் போனால், சமைக்கிற அம்மாவுக்குப் போன மாதப் பில் கிடைத்ததா என்று அதிபரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.